மத்தியான வெக்கையில் வைத்துப் பாருங்கள்: லப்டொப்பில் ஒன்லைன் கேம் இழுக்காமல் ஓட

பரந்தனில் லப்டொப் திருத்துகிற எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் வருகிற முறைப்பாடு ஒன்றுதான்: "அண்ணை, கேம் இழுக்குது." என்ன செய்து பார்த்தாய் என்று கேட்டால், எல்லாச் செற்றிங்கையும் 'லோ'வில் விட்டாயிற்று என்பார்கள். யூரியூப்பில் ஒருவர் சொன்னபடி விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியிலும் கை வைத்திருப்பார்கள். அந்தக் காணொளிக்காரர்கள் குளிரூட்டிய அறையில் இருந்து பேசுகிறவர்கள். இங்கே சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும் பகல் இரண்டு மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே, கட்டில் மெத்தையில் வைத்துத்தான் எங்கள் பெடியன்கள் விளையாடுகிறார்கள்.

அதனால் என்னுடைய முறை கொஞ்சம் வேறு. அறை நன்றாகச் சூடேறிய நேரத்தில், கேம் ஓர் அரை மணித்தியாலம் ஓடிய பிறகு, எந்தப் பிரேம் எண் (லப்டொப் ஒரு செக்கனுக்கு எத்தனை படம் வரைகிறது என்பது) நிற்கிறதோ அதற்கு ஏற்றபடி செற்றிங்கை வைக்க வேண்டும். விடிய ஆறு மணிக்கு 110 பிரேம் காட்டுகிற லப்டொப் மத்தியானம் 60க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 110ஐ நம்பி நிழலையும் புல்லையும் கூட்டி வைத்தால், மத்தியானம் 35க்கும் 60க்கும் இடையில் ஏறி இறங்கி ஆடும். கண்ணுக்குத் தொல்லை தருவது அந்த ஆட்டம்தான். ஆடாமல் நிற்கிற 50 பிரேம், ஆடுகிற 90ஐ விட விளையாட நல்லது.

இழுப்பது லப்டொப்பா, இன்ரநெற் லைனா?

செற்றிங்கைத் தொட முதல் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மென்பொருள் எதுவும் தேவையில்லை. கேமுக்குள் போய் ஓரிடத்தில் நின்றுகொண்டு மௌஸை இடமும் வலமும் வேகமாகத் திருப்புங்கள். பார்வை திரும்புவதை உங்கள் லப்டொப்தான் வரைகிறது. தொலைவில் இருந்து கேமை நடத்துகிற சேர்வருக்கு அதில் வேலை இல்லை. திருப்பும்போதே சுவரும் மரமும் வெட்டி வெட்டி வந்தால் பிழை லப்டொப்பில். பார்வை வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் எதிரி ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைக்கிறான், முன்னுக்கு ஓடிய உங்களைப் பின்னுக்கு இழுத்து விடுகிறது என்றால் பிழை லைனில். லைன் பிழைக்குக் கிராபிக்ஸைக் குறைத்துப் பிரயோசனம் இல்லை. அந்த ஆட்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

பிழை லப்டொப்பில்தான் என்றால் அடுத்த கேள்வி, அதற்குள் எது களைத்துப்போகிறது என்பது. கேம் ஓடும்போது விண்டோஸ் கீயுடன் ஜி அழுத்தினால் கேம் பார் வரும். அதில் 'பெர்ஃபோமன்ஸ்' பெட்டியைப் பின் பண்ணி விட்டால் சிபியூ (கணக்குப் பார்க்கிற சிப்), ஜிபியூ (படம் வரைகிற சிப்), ராம் (தற்காலிக நினைவகம்), பிரேம் எண்ணிக்கை எல்லாம் ஸ்கிறீனின் மூலையில் ஓடும். ஜிபியூ 95 வீதத்துக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றால் கிராபிக்ஸ் செற்றிங்கைக் குறைத்த உடனே பலன் தெரியும். ஜிபியூ 50, 60இல் சும்மா இருக்கிறது, பிரேமும் குறைவு, பிரேம் லிமிற் (பிரேமுக்கு மேல் எல்லை) எதுவும் போடவும் இல்லை என்றால், முட்டுவது சிபியூவில், அல்லது ராமில், அல்லது சூட்டில். இந்த நிலையில் எல்லாவற்றையும் 'லோ'வில் விட்டால் படம் அசிங்கமாகும், பிரேம் ஏறாது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கூட்டம்தான்.

சூடும் கரண்டும்

ஒரு லப்டொப்பின் பின்மூடியைக் கழற்றினால், காற்றாடிக்கும் அதன் வாயில் இருக்கிற மெல்லிய செப்புத் தகடுகளுக்கும் நடுவில் பாருங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் வெளியே பறக்கிற செம்புழுதியும் மெத்தைத் தும்பும் சேர்ந்து அங்கே ஒரு துண்டுத் துணி மாதிரிப் படிந்திருக்கும். இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். அதைக் கழற்றாமல் எந்தச் செற்றிங்கை மாற்றியும் வேலையில்லை, ஏனென்றால் காற்று வெளியே போகவே வழி இல்லை. பெரும்பாலான சிப்கள் 95, 100 பாகையை நெருங்கும்போது தங்களைக் காப்பாற்ற வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடிய கேம் பிறகு இழுக்கத் தொடங்குவது அனேகமாக இதனால்தான்.

நீங்களே துப்புரவு செய்வதென்றால் லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பற்றரி என்றால் அதையும் எடுத்து, பிறகு காற்று அடியுங்கள். அடிக்கும்போது காற்றாடி சுழலாதபடி ஒரு பல்லுக்குத்தியைச் செருகிப் பிடிக்க வேண்டும். சும்மா விட்டால் அது அளவுக்கு மிஞ்சிச் சுழன்று பெயரிங் போய்விடும். சைக்கிள் கடைக் கொம்பிரசரில் கொண்டுபோய் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும், வேண்டாம். நாலைந்து வருடமாகத் திறக்காத லப்டொப் என்றால் சிப்பின் சூட்டைக் கடத்துகிற தேர்மல் பேஸ்டும் காய்ந்திருக்கும். கை பழகாதவர்கள் அதைக் கடையில் கொடுத்து மாற்றுவது நல்லது.

மெத்தையிலும் மடியிலும் வைத்து விளையாடாதீர்கள். மேசையில் வைத்து, பின்பக்கத்து இரண்டு மூலைக்கும் கீழே சோடா மூடி வைத்தாலே அடியில் காற்றுப் போக இடம் கிடைக்கும். காசு கொடுத்து வாங்குகிற கூலிங் பாட்டை விட, மேசையை நோக்கித் திருப்பிய சாதாரண மேசைக் காற்றாடி அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

அடுத்தது சிபியூவின் 'ரேர்போ', அதாவது அடிப்படை வேகத்துக்கு மேலே பாய்கிற வேகம். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதற்குள் பிளான் செற்றிங்ஸ், அட்வான்ஸ்ட், 'புரொசெசர் பவர் மனேஜ்மன்ற்', 'மக்சிமம் புரொசெசர் ஸ்ரேற்' என்று போங்கள். 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் ரேர்போ நின்றுவிடும். சூடு சட்டென்று இறங்கும், காற்றாடியின் கத்தல் குறையும், ஜிபியூவுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் இது எல்லா லப்டொப்புக்கும் பொருந்தாது. ஐ5-9300எச் போன்ற எச் வகைச் சிப்புக்கு அடிப்படை வேகமே 2.4 கிகாஹேர்ட்ஸ், ரேர்போ இல்லாமலும் கேம் ஓடும். ஐ5-8250யு என்றால் அடிப்படை வேகம் 1.6தான். அதில் 99 போட்டால் சிபியூ நொண்டும். யு என்று முடிகிற சிப் உள்ளவர்கள் இதைச் செய்துபார்த்து, பிரேம் விழுந்தால் திரும்ப 100இலேயே விடுங்கள். சில புதிய லப்டொப்களில் இந்த வரியே காட்டாது. அவற்றில் கம்பனி போட்டுத் தருகிற அப்பில் 'சைலன்ற்', 'பலன்ஸ்ட்', 'பெர்ஃபோமன்ஸ்' என்று இருப்பதை மாற்றிப் பார்க்கலாம். நடுவில் உள்ளதுதான் எங்கள் வெயிலுக்குப் பெரும்பாலும் சரிவரும்.

சார்ஜர் செருகியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. கரண்ட் நின்ற நேரத்தில் பற்றரியில் விளையாடினால் சிபியூ, ஜிபியூ இரண்டுமே வேகத்தைக் குறைத்துத்தான் ஓடும், எந்தச் செற்றிங்காலும் அதைச் சரிக்கட்ட முடியாது. வலோரண்ட் கேமில் பற்றரியில் ஓடும்போது மட்டும் பிரேமுக்கு எல்லை போட ஒரு தனி வரி இருக்கிறது. அதில் 30 அல்லது 40 போட்டுவிட்டால் கரண்ட் போனாலும் நடந்துகொண்டிருக்கிற மட்சையாவது முடிக்கலாம், ரவுற்றருக்கு யூபிஎஸ் இருந்தால்.

இரண்டு ஜிபியூ உள்ள லப்டொப்

என்விடியா ஸ்ரிக்கர் ஒட்டிய லப்டொப்பில் இரண்டு ஜிபியூ இருக்கும்: சிபியூவோடு ஒட்டிப் பிறந்த சின்னது, தனியாக உள்ள பெரியது. கேம் சின்னதில் ஓடிக்கொண்டிருக்க, பெரியது தூங்கிக்கொண்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன். செற்றிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய் கேமின் பெயரைச் சேர்த்து, 'ஹை பெர்ஃபோமன்ஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு நிமிட வேலை. இதனாலேயே பிரேம் இரண்டு மடங்கான லப்டொப்கள் உண்டு.

தனி ஜிபியூ இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம், ஆனால் ராமைப் பாருங்கள். ஒட்டிப்பிறந்த ஜிபியூவுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. அது ராமில்தான் பங்கு கேட்கும். டாஸ்க் மனேஜரில் 'மெமரி' பக்கத்தில் 'ஸ்லொட்ஸ் யூஸ்ட்' என்ற வரியில் இரண்டில் ஒன்று என்று இருந்தால், லப்டொப் ஒற்றைக்காலில் ஓடுகிறது என்று அர்த்தம். அதே அளவு, அதே வகை ராம் இன்னொன்றை மற்ற ஸ்லொட்டில் போட்டால் இரண்டு பாதையிலும் தரவு ஓடும். ஏஎம்டி வேகா, இன்டெல் ஐரிஸ் எக்ஸ்ஈ போன்றவற்றில் இது நன்றாகவே தெரியும். ஐரிஸ் எக்ஸ்ஈ என்று விற்கப்படுகிற லப்டொப்பே ஒற்றை ராமோடு இருந்தால் தன்னை வெறும் யூஎச்டி என்றுதான் காட்டும். தர்மபுரத்திலிருந்து ஒரு தம்பி லப்டொப்பையே விற்றுவிட்டு வேறு வாங்கப் போவதாக வந்தான். 8 ஜீபி ராம் ஒன்றைப் போட்டு அனுப்பினேன். இப்போதும் அதில்தான் டோட்டா விளையாடுகிறான்.

கேமுக்குள் எதை முதலில் குறைப்பது?

எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்காதீர்கள். ஒன்றை மாற்றி, அதே இடத்தில் நின்று, அதே திசையில் பார்த்து, எண்ணைப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். புகையும் வெடியும் அதிகம் உள்ள இடமாகத் தெரிவுசெய்யுங்கள். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு பிரேம் எண்ணுவது வீண்.

ஜிபியூ முட்டுகிறவர்களுக்கு முதல் மருந்து ரெசலூஷன், அதாவது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. 1920×1080 என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் 20 இலட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 1600×900 என்றால் 14 இலட்சத்து 40 ஆயிரம். 1280×720 என்றால் 9 இலட்சத்து 21 ஆயிரம்தான், பாதியிலும் குறைவு. 15 அங்குல ஸ்கிறீனில் 900 கொஞ்சம் மங்கும், ஆனால் விளையாடலாம். 720க்குப் போனால் தூரத்தில் உள்ள தலை இரண்டு மூன்று புள்ளியாகிவிடும். சுடுகிற கேமில் அது பெரிய இழப்பு. அதற்குப் பதிலாக, கேமில் 'ரெண்டர் ஸ்கேல்' அல்லது 'ரெண்டர் குவாலிற்றி' இருந்தால் அதை 70, 75க்கு இறக்குங்கள். எழுத்தும் சின்ன மப்பும் கூராக இருக்கும், உலகம் மட்டும் கொஞ்சம் மென்மையாகும். டோட்டா 2இல் இந்தச் செற்றிங் இருக்கிறது. கவுன்ரர் ஸ்ரைக் 2இல், குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்குகிற ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் இருக்கிறது. எந்தக் கம்பனி ஜிபியூவிலும் அது வேலைசெய்யும்.

அடுத்தது நிழல். நிழலுக்காக லப்டொப் காட்சியை வெளிச்சம் வருகிற பக்கத்திலிருந்து இன்னொருமுறை வரைந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் சிபியூவும் ஜிபியூவும் இரண்டுமே களைக்கும். குறைத்தால் நல்ல மிச்சம். ஒரு விதிவிலக்கு: கவுன்ரர் ஸ்ரைக் 2இல் மூலைக்கு அப்பால் நிற்கிறவனின் நிழல் முன்னுக்கு விழுந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதில் நிழலைக் குறைக்கும்போது ஆட்களின் நிழல் மறைகிறதா என்று பார்த்துக் குறையுங்கள்.

புளூம், டிஸ்ரோஷன், விக்னெற், மோஷன் புளர், டெப்த் ஒஃப் ஃபீல்ட்: இவை எல்லாம் அலங்காரம். அணைத்துவிட்டு மறந்துவிடலாம். எதிரியை மறைப்பதைத் தவிர இவை வேறொன்றும் செய்வதில்லை.

டெக்ஸ்சரைத்தான் (பொருட்களின் மேற்பரப்புப் படத்தை) பெடியன்கள் முதலில் இறக்குகிறார்கள். ஜிபியூவுக்குச் சொந்தமாக 4 ஜீபி நினைவகம் இருந்தால் பெரும்பாலான ஒன்லைன் கேம்களில் 'மீடியம்' தாராளமாகத் தாங்கும், இறக்கிப் பெரிய லாபம் இல்லை. 2 ஜீபி உள்ள எம்எக்ஸ்150 போன்றவற்றிலும், ராமில் பங்கு கேட்கிற ஜிபியூவிலும் கதை வேறு. நினைவகம் நிறைந்ததும் சராசரி பிரேம் நன்றாக இருந்துகொண்டே இடைக்கிடை அரைச் செக்கன் உறைந்து உறைந்து போகும். அப்படி உறைகிறது என்றால் டெக்ஸ்சரை இறக்குங்கள். சரிவாகத் தெரிகிற தரையைக் கூராக்குகிற அனிசோட்ரோபிக் ஃபில்ரரிங் 4இல் இருக்கட்டும், அதற்குச் செலவு குறைவு. அன்ரிஅலையாசிங் விளிம்புகளைச் சீராக்கும். ஜிபியூ முட்டினால் அணையுங்கள், இடமிருந்தால் வையுங்கள்.

சிபியூ முட்டுகிறவர்கள் ரெசலூஷனோடு மல்லுக்கட்ட வேண்டாம். வலோரண்ட் அப்படிப்பட்ட கேம்தான், அதில் சிபியூவுக்குத்தான் வேலை அதிகம். வேலையைச் சிபியூவின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற 'மல்ரிதிரெடட் ரெண்டரிங்' திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 'டீற்றெயில்', நிழல் இரண்டையும் இறக்குங்கள். பின்னால் திறந்திருக்கிற குரோமை மூடுங்கள். 8 ஜீபி ராமில் குரோமும் டிஸ்கோர்டும் கேமும் சேர்ந்து இருக்க இடம் போதாது. ஃபோர்ட்நைட் விளையாடுகிறவர்கள் ரெண்டரிங் மோட்டை 'பெர்ஃபோமன்ஸ்' என்று மாற்றினால் பழைய லப்டொப்பிலும் ஓடும்.

ஃப்ரீ ஃபயரை, போன் கேமை லப்டொப்பில் ஓட்டுகிற எமுலேற்றரான புளூஸ்ராக்ஸில் ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப்பேர். அவர்கள் முதலில் பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்க முதல் வருகிற செற்றிங் பக்கத்துக்குள்) போய், லப்டொப்புக்குள் இன்னொரு கருவியை ஓட்ட உதவுகிற வேர்ச்சுவலைசேஷன் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது மூடியிருந்தால் வேறு எதைச் செய்தும் ஆமை வேகம்தான். அப்புறம் எமுலேற்றரின் செற்றிங்கில் சிபியூவுக்கு 4 கோர், ராம் 4 ஜீபி கொடுத்து, பிரேமை 60இல் விடுங்கள். லப்டொப்பில் உள்ள முழு ராமையும் அதற்குத் தாரைவார்த்தால் விண்டோஸ் மூச்சுத்திணறும்.

கடைசியில் பிரேமுக்குப் பூட்டு

எல்லாம் முடிந்த பிறகு மத்தியானச் சூட்டில் அரை மணித்தியாலம் விளையாடி, மூலையில் ஓடுகிற எண் மிகக் குறைவாக எவ்வளவுக்கு விழுகிறது என்று பாருங்கள். அது 58 என்றால் பிரேம் லிமிற்றை 55இல் போடுங்கள். 72 என்றால், 60 ஹேர்ட்ஸ் ஸ்கிறீன் (செக்கனுக்கு 60 தடவை படம் மாற்றுவது) உள்ள லப்டொப்பில் 60 போதும். 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன். பூட்டுப் போட்டால் ஒவ்வொரு பிரேமும் ஏறக்குறைய அதே இடைவெளியில் வரும், சிப்புக்கும் இடையில் ஓய்வு கிடைக்கும், சூடும் ஏறாது. பூட்டாமல் விட்டால் லப்டொப் வெறும் மெனுவைக் கூட 200 பிரேமில் வரைந்து, மட்ச் தொடங்க முதலே கொதித்துப்போய் நிற்கும். பிரேமை ஸ்கிறீனின் வேகத்தோடு சேர்த்துக் கட்டுகிற விசிங்கை அணைத்துவிடுங்கள். அதைத் திறந்தால் படம் கிழியாது, ஆனால் மௌஸ் ஒரு கணம் பிந்தி வருவது கைக்குத் தெரியும்.

லைன் பிழை என்றால்

வன்னியில் பலருக்கு வீட்டு இன்ரநெற் என்றால் 4ஜி ரவுற்றர்தான். அதை அலுமாரிக்கு மேலே துணிக்கு நடுவில் வைக்காமல், சிக்னல் கோபுரம் இருக்கிற திசை யன்னலில் வையுங்கள். தகரக் கூரையும் கம்பி வலையும் சிக்னலை நன்றாகவே தடுக்கும். ரவுற்றரிலிருந்து லப்டொப்புக்கு ஒரு லான் வயர் இழுத்துவிட்டால் வைஃபையின் குழப்பம் ஒன்றாவது இல்லாமல் போகும். விண்டோஸில் அந்தத் தொடர்பை 'மீற்றேட் கனெக்ஷன்' என்று குறித்துவிடுங்கள், அப்டேற்றுகள் மட்சுக்கு நடுவில் இறங்கத் தொடங்காது. இரவு ஏழு தொடக்கம் பத்து வரை ஊரே டேட்டாவில் இருக்கிற நேரம், அப்போது கோபுரமே நெரிபடும். உங்கள் கையில் ஒன்றுமில்லை.

சேர்வரைத் தெரிவுசெய்யும்போது ஒரு கணக்கு உதவும். இழைக் கேபிளில் தரவு போய்வர ஒவ்வொரு 100 கிலோமீற்றருக்கும் குறைந்தது ஒரு மில்லிசெக்கன் வேண்டும். நாங்கள் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருந்தாலும் எங்கள் தரவு முதலில் ஏ9 வழியே போவதுபோலத் தெற்கே கொழும்புப் பக்கம் இறங்கித்தான் கடல் கேபிளில் ஏறும். அங்கிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். ஆகவே 27 மில்லிசெக்கனுக்குக் கீழே பிங் (அந்தப் போய்வருகிற நேரம்) வராது, நடைமுறையில் அதைவிடக் கூடும். மும்பாய் தூரத்தில் கிட்ட, ஆனால் பாதை சுற்றிப் போனால் அதன் பிங் கூடுதலாகவும் இருக்கலாம், இரண்டையும் பார்த்து எடுங்கள். கனடாவில் இருக்கிற மச்சானோடு டோட்டா விளையாட ஆசைப்பட்டு அவர்களின் சேர்வரில் ஏறினால், ரொறன்ரோவுக்கு உள்ள 14,000 கிலோமீற்றருக்கு வெறும் கணக்கிலேயே 140 மில்லிசெக்கன். மச்சானை இந்தப் பக்கத்துச் சேர்வருக்கு வரச் சொல்லுங்கள். எப்படியும் காசு அனுப்புகிறவர் அவர்தான், கொஞ்சம் லாக்கையும் அவரே தாங்கட்டும்.

இன்னொன்று. கிராபிக்ஸ் ட்ரைவரையோ கேமையோ புதிதாக அப்டேற் செய்த அன்று முதல் மட்ச் திக்கித் திக்கித்தான் ஓடும். கேம் தன் ஷேடர்களை (வெளிச்சத்தையும் நிறத்தையும் கணக்கிடுகிற சின்ன நிரல்களை) திரும்பவும் தயாரித்துக்கொள்கிற நேரம் அது. அதைப் பார்த்துப் பயந்து செற்றிங்கைக் கலைக்க வேண்டாம். ராங்க் (தரவரிசை) மட்சுக்குப் போகாமல் ஒன்றிரண்டு டெத்மட்ச் ஓட்டிவிட்டுப் பாருங்கள். சில அப்டேற்றுக்குப் பிறகு கேம் தன் செற்றிங்கைத் தானே பழைய நிலைக்குத் திருப்பிவிடுவதும் உண்டு. சரிவந்த செற்றிங் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், அதைப் பார்த்துத் திரும்பப் போட ஐந்து நிமிடம் காணும்.